பிரசவ விடுதிக்கு ஆங்கிலம் கேட்டவர்கள்

எங்கள் ஊர் வைத்தியசாலையின் அபிவிருத்திச் சபை வெளியிட்ட சிறப்பு மலரில், வெளிநாட்டுத் தாதி நடத்திய மகப்பேற்றுப் பயிற்சிக்கு ஆட்களைத் தெரிவுசெய்தவர்களுள் ஒருத்தியாக என்னையும் குறித்திருக்கிறார்கள். அது பொய். நான் அத்தெரிவை எதிர்த்தவள். கல்லூரி ஆசிரியையாக வாழ்நாள் முழுவதும் நான் காத்த பெயரைப் பிறருடைய மடமைக்கு இரவல் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

போரும் பொருளாதாரத் தடையுமான காலம். வைத்தியர்கள் ஒவ்வொருவராகக் கடல் கடந்துவிட, பிரசவ விடுதியில் ஒரேயொரு மருத்துவமாதுதான் எஞ்சியிருந்தார். பிறந்தும் மூச்செடுக்காத சிசுவுக்கு மூச்சுக் கொடுக்கும் முறையை எங்கள் பெண்களுக்குக் கற்பிக்கவே அந்தத் தாதி வந்தார். தாயை மருத்துவமாது பார்க்கும்போது பிள்ளையைப் பார்க்க இரண்டாவது ஆள் வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள்.

ஊரைவிட்டு அசையாத, பிள்ளை பெற்ற பெண்களையே தெரிவுசெய்ய வேண்டும் என்று நான் சபையில் சொன்னேன். விடுதியின் ஆயாவையும் சேர்க்கச் சொன்னேன். தலைவர் சிரித்தார்.

"ரீச்சர், வெள்ளைக்காரிக்கு முன்னாலை ஆயாவைக் கொண்டுவந்து இருத்தினால் எங்கடை ஊரைப் பற்றி என்ன நினைப்பினம்? சோதினையிலை இங்கிலீசு சித்தியடைஞ்ச பிள்ளையளாப் பாப்பம்."

"அப்ப மொழிபெயர்க்க நான் என்னத்துக்கு?"

"நீங்கள் சபைக்கு ஒரு மதிப்புத்தானே, ரீச்சர்."

நல்ல குடும்பத்துக் கன்னிப் பெண்களாகப் பொறுக்கி எடுத்தார்கள். ரப்பர்ப் பொம்மையை வைத்துத் தாதி கற்பித்த பாடத்தை நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். பிள்ளைகள் கெட்டிக்காரிகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சி முடிந்து வெளிநாட்டு முத்திரையோடு சான்றிதழ் கைக்கு வந்ததும், பெற்றோர் அதைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு ஓடவில்லை. கலியாணத் தரகரிடம் ஓடினார்கள். ஒருத்தி ஜெர்மனிக்கு, ஒருத்தி கனடாவுக்கு, மற்றவர்கள் கொழும்புக்கு என்று ஒருத்தியைத் தவிர எல்லோரும் ஊரைவிட்டுக் கிளாலிக் கடலைத் தாண்டினார்கள். தாதியும் அடுத்த வகுப்புக்கு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டுவிட்டார்.

எஞ்சியவள் என் தம்பியின் மகள். அவளுக்கும் பாரிசில் மாப்பிள்ளை பொருந்தியது என்று கேள்விப்பட்டு இணுவிலுக்கு, தம்பி வீட்டுக்குப் போனேன்.

"அவள் வேறை ரண்டு பேரைப் பழக்கிவிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் பொறு," என்றேன்.

"மாப்பிள்ளை பகுதி பொறுக்காது, அக்கா."

"பிள்ளை பெற வாறவளவை பொறுப்பினமோ?"

தம்பியின் மனைவி முந்திக்கொண்டாள். "மச்சாளுக்கென்ன, கலியாணம் எண்டால் என்னெண்டு தெரிஞ்சால்தானே."

மருமகள் அழுதாள். ஆனாலும் போனாள். தன் வெள்ளை மேலங்கியைத் தோய்த்து மடித்து, "மாமி, இதை வாட்டிலை குடுத்துவிடுங்கோ," என்று தந்தாள்.

அதைக் கொடுக்கத்தான் மறுநாட் காலை விடுதிக்குப் போனேன். வாசலிலேயே மருத்துவமாதின் குரல் கேட்டது. உள்ளே பிரசவித்த ஒரு தாய்க்கு இரத்தப் பெருக்கு. மருத்துவமாது இரு கைகளாலும் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார். கையெடுத்தால் தாய் போய்விடுவாள். பக்கத்து மேசையில் நீலம் பாரித்த பிள்ளை, அசைவில்லாமல். ஆயா அதைத் தலைகீழாகத் தூக்கப் போனாள்.

"தூக்காதே," என்றேன். "முதலிலை துடை. நல்லாத் துடை. ஈரத் துணியை எறிந்துவிட்டு உலர்ந்ததிலை சுத்து."

என் வாயிலிருந்து வந்தது நான் மொழிபெயர்த்த பாடம். என் கைகளோ பொம்மையைக்கூடத் தொட்டதில்லை. அலுமாரியிலிருந்த, முகமூடி பொருத்திய மூச்சுப் பையை எடுத்து நீட்டினேன்.

"தலையை நேராக வை. மோவாயைக் கொஞ்சம் உயர்த்து. கனக்க உயர்த்த வேண்டாம். வாயைத் துடை, பிறகு மூக்கை. மூடியை வாயும் மூக்கும் மறையிற மாதிரி அழுத்து. இப்ப பையை மெதுவா அமத்து."

"நெஞ்சு எழும்பேல்லை, ரீச்சர்."

அதற்கும் பாடத்தில் ஒரு வரி இருந்தது. "மூடி விலகியிருக்கும். திரும்ப வை. தலையையும் பார்."

"ஓம், இப்ப எழும்புது."

"விடாதே. அமத்து, விடு. அமத்து, விடு."

நீலம் மெல்ல மெல்லக் கழன்றது. பிள்ளை முதலில் முனகியது; பிறகு விடுதி அதிர அழுதது. தாயும் தப்பினாள். ஆயா என்னைப் பார்க்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டு, "நீங்கள் இல்லாத நாளிலை நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் நான் சபைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே அடுத்த வகுப்புக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் ஆங்கிலத்தில் சித்தியடைந்தவர்கள். மறுபடியும் நல்ல குடும்பங்கள். பிள்ளை பிழைத்ததைத் தாதிக்கு அறிவிக்கப் போவதாகவும், அது சபையின் தெரிவுக்குக் கிடைத்த வெற்றி என்றும் தலைவர் சொன்னார்.

"சபை தெரிவுசெய்த ஒருத்தியும் அங்கை இருக்கேல்லை. பிழைக்க வைத்தது ஆயா. முதற்பெயராக அவளை எழுதுங்கோ."

"உங்கடை மருமகளும் போனவள்தானே, ரீச்சர்?"

"ஓம், போனவள். அவளை மறிக்க என்னாலை முடியேல்லை. அதாலைதான் போகாதவளைக் கேக்கிறன்."

"அவவுக்கு இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாதே."

"அந்தப் பிள்ளை இங்கிலீசிலையோ அழுதது?"

செயலாளர் தலைவரின் முகத்தைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. எழுதி முடிக்கும்வரை அங்கேயே இருந்தேன்.

எழுதினார்கள். எல்லாப் பெயர்களுக்கும் கீழே ஆயாவை, யாராவது வராவிட்டால் மட்டும் என்று.