நாலு மணிப் படம்

டென்மார்க்கில் டிசம்பர் இருபத்து நான்காம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு யாரையும் தொலைபேசியில் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் எடுக்க ஆள் இருக்காது. நாடே அந்த நேரம் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். போவது என்னவோ ஒரு பழைய கார்ட்டூன்தான். என்னோடு படித்த பிள்ளைகளின் பெற்றோர் தவழ்ந்து திரிந்த காலத்துத் துண்டுப் படங்களை ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். வருடாவருடம் அதே படங்கள், அதே ஒழுங்கு, கதை சொல்லும் கிழவரின் அதே கரகரத்த குரல்.

தபால் கொண்டு போகும் நரி ஒன்று பனியில் சறுக்கி விழும். கரடி ஒன்று தன் வீட்டு வாசலுக்குள் நுழையாத மரத்தை அரிந்து அரிந்து கடைசியில் ஒரு குச்சியோடு உள்ளே போகும். முள்ளெலிகள் கிறீச்சிடும் வண்டியொன்றில் அப்பிள் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும். அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் நரி எந்த இடத்தில் விழும் என்று தெரிந்துகொண்டே அது விழும்வரை பொறுத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அது விழுவதற்கு முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எனக்கு இப்போது ஒன்றிரண்டு நரை விழுந்துவிட்டது, இன்னமும் அப்படித்தான்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியதும் எல்லாப் பிள்ளைகளும் இதைப் பற்றித்தான் கதைப்பார்கள். என் பக்கத்து மேசைக்காரி ஒவ்வொரு வருடமும் ஒரே கதையைச் சொல்வாள். சோபாவில் அவளுடைய அம்மா நடுவிலாம், அவள் ஒரு பக்கமாம், தம்பி மறுபக்கமாம், அம்மா மண்டரின் தோடம்பழம் உரித்து இரண்டு பேருக்கும் ஊட்டிவிடுவாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுடைய சப்பாத்தைப் பார்த்தோ சைக்கிளைப் பார்த்தோ நான் ஒரு நாளும் பொறாமைப்பட்டதில்லை. அந்தத் தோடம்பழத்துக்காக மட்டும் அவளைக் கிள்ள வேண்டும் போல இருக்கும்.

ஏனென்றால் என் அம்மா உட்காரமாட்டார். ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. அம்மா இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். இருபத்து நான்காம் திகதி தொழிற்சாலை அரை நாளோடு மூடிவிடும். வந்து குளித்து, ரோல்ஸ் பொரித்து வைத்துவிட்டு, சரியாக நாலு மணிக்குத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வீட்டின் உள்நடைக் கதவடியில் போய் நிற்பார். வன்னியில் இருந்த தன் தங்கைக்கு, என் சின்னம்மாவுக்கு, அழைப்பு எடுப்பார். அங்கே அப்போது இரவு. ஊருக்கு ஒரு தொலைபேசிக் கடை. கூட்டம் வடிந்த பிறகு, அம்மாவின் அழைப்புக்காகவே சின்னம்மா கடை வாசலில் காத்திருப்பாராம். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

படம் முடியும்வரை அம்மாவின் முணுமுணுப்பு கதவடியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். இடைக்கிடை சிரிப்பும் கேட்கும். என்னோடு உட்கார்ந்து சிரிக்காத சிரிப்பு. முகம் தெரியாத ஒரு பெண், கடல் கடந்து இருந்துகொண்டு, என் நாலு மணியைக் கொண்டுபோகிறார் என்று நினைப்பேன். “அம்மா, வாங்கோ, இப்ப விழப் போகுது” என்று கத்துவேன். அம்மா கையைக் காட்டி, சத்தம் போடாதே என்பார்.

என் அழுகையைத் தாங்காமல் ஒரு வருடம் அப்பா படத்தை வீடியோ கசெட்டில் பதிந்தார். அம்மாவுக்கு நேரம் கிடைக்கும்போது மூவருமாகப் பார்க்கலாமாம். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதைப் போட்டது ஜூலை மாதம், வெளியே வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிழவரின் குரல் தொடங்கியதும் நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கிவிட்டேன். பேய்க்கூத்து ஆடினேன் என்று அப்பா இன்றும் சொல்வார். ஜூலையில் அதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய பிழை என்று அந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது? ஊரில் மார்கழியில் பொங்கினால் அவர் பேசாமல் இருப்பாரா?

போர் முடிகிற காலம் வந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. அந்த டிசம்பரில் வன்னிக்குத் தொலைபேசி இல்லை, கடை இல்லை, அந்த ஊரிலேயே ஆட்கள் இல்லை. சின்னம்மா எங்கே என்று யாருக்கும் தெரியாது. இந்த வருடமாவது அம்மா உட்காருவார் என்று மனதின் ஒரு மூலையில் எனக்கு நினைப்பு ஓடியது. அம்மா அதே கதவடியில் போய் நின்றார். அதே இலக்கத்தை அழுத்தினார். தொடர்பு இல்லை என்று ஒரு பெண்குரல் சொல்லும். வெட்டிவிட்டுத் திரும்ப அழுத்துவார். படம் முடியும்வரை அப்படியே நின்றார். பேசாத தொலைபேசியைப் பார்த்துக்கூட நான் பொறாமைப்பட்டேன். நான் மட்டும் சோபாவில் இருந்து நரி விழுவதைப் பார்த்தேன். அன்று சிரிப்பு வரவில்லை.

மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. கோடையில் சின்னம்மா ஒரு முகாமில் இருப்பதாகத் தகவல் வந்தது. சித்தப்பா கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யார் யாரையோ பிடித்து, எங்கெங்கோ சுற்றி, நவம்பரில் சின்னம்மா டென்மார்க்குக்கு வந்து அகதி முகாமில் சேர்ந்தார். நத்தார் பண்டிகை வாரத்துக்கு எங்கள் வீட்டில் தங்க அனுமதி கிடைத்தது.

மெலிந்த, சத்தம் போடாமல் நடக்கிற ஒருவர். இப்படிப்பட்டவர் மேல் பொறாமைப்படக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? அம்மா அவருக்குத் தலை வாரிவிட்டார். கம்பளிக் காலுறையைத் தன் கையாலேயே போட்டுவிட்டார். நான் சாப்பிட்டேனா என்று கேட்க மறந்தார். நான் டேனிஷில் முறைப்பாடு சொன்னேன். அம்மா தமிழில் “ஓம், ஓம்” என்றார், கேட்கவில்லை.

இருபத்து நான்காம் திகதி நாலு மணிக்குச் சற்று முன்னர் சின்னம்மா போய் சோபாவில் என் மூலையில் உட்கார்ந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே விட்டார்! இத்தனை வருடமாக நான் கூப்பிட்டும் வராதவர். மடியில் ஒரு தோடம்பழம் வேறு. உரித்துச் சுளையைத் தங்கையிடம் நீட்டினார். நான் தனிக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கிழவரின் குரல் தொடங்கியது. சின்னம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அக்கா, இனி நாய் கடிதம் கொண்டு வரும், என்ன?”

நான் திடுக்கிட்டேன். முதன்முதலாகப் பார்க்கிற மனுஷி இவர். நரி வந்தது.

“அட, இது நரியெல்லோ!” என்றார் அம்மா.

அம்மாவுக்கும் தெரியவில்லை. பிறகு கரடி வந்து மரம் அரியும் வாளை எடுத்து அரியத் தொடங்கியது. சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “கரடி குறட்டை விடுது எண்டெல்லோ சொன்னனி! அது மரமெல்லோ அரியுது!” அம்மாவும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“அம்மா, என்ன இது?” என்று கேட்டேன்.

“அந்தக் கதவடியிலை நிண்டா ரீவியின்ரை முதுகுதான் தெரியும் பிள்ளை. சத்தம் கேக்கும். உன்ரை முகம் தெரியும். நீ சிரிச்சா, ஆரோ விழுந்திட்டினம் எண்டு சொல்லுவன். நீ கண்ணை முழிச்சா, ஏதோ வருது எண்டு சொல்லுவன். இவள் அங்காலை ‘பிறகு, பிறகு’ எண்டு நிப்பாள்.”

ஆக, அம்மா ஒவ்வொரு வருடமும் படம் பார்த்திருக்கிறார். என் முகத்தில் பார்த்து, சின்னம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் நான் இருந்தேன், ஆனால் அது எனக்குக் காட்டப்படவே இல்லை. நியாயமாக என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. பொறாமை இரண்டு மடங்கானது.

கடைசியில் முள்ளெலிகளின் வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு மேடு ஏறியது. சின்னம்மா திரையில் எதையோ தேடினார்.

“அந்தக் குழந்தை எங்கை அக்கா?”

“எந்தக் குழந்தை?”

“பனிக்குள்ளை கிடந்து அழுமே. நாய் எடுத்துக்கொண்டு போகுமே.”

அம்மா திரையை உற்றுப் பார்த்தார். “குழந்தை இல்லைப் போலை. வண்டிச் சில்லுத்தான் கத்தியிருக்கு” என்றார்.

சின்னம்மா தலையாட்டினார். படம் முடிந்ததும் அம்மா சோறு பார்க்கக் குசினிக்குள் போனார். நானும் சின்னம்மாவும் தனியாக இருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குக் கிடைக்காத அந்தப் படம் இவரிடம் முழுதாக இருக்கிறது. என் ஓட்டைத் தமிழில் கேட்டேன்.

“சின்னம்மா, அம்மா சொன்ன படத்தை எனக்குச் சொல்லுங்கோ.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சோபாவில் தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். போய் உட்கார்ந்தேன். சொல்லத் தொடங்கினார். நாய் அந்தக் குழந்தையைக் கடிதப் பையில் போட்டுக்கொண்டு போகிறது. நெற்றியில் முத்திரை ஒட்டி, ஒவ்வொரு வீட்டுக் கடிதப் பெட்டிக்குள்ளும் தள்ளிப் பார்க்கிறது, குழந்தை நுழையமாட்டேன் என்கிறது. கரடியின் வீட்டில் தட்டினால் குறட்டைச் சத்தம் மட்டும் வருகிறது. சின்னம்மா கரடி போலக் குறட்டை விட்டு, அந்தக் குறட்டைக்கு நடுவில் “ஆள் இல்லை” என்று சொல்லிக் காட்டினார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தேன்.

அம்மா அகப்பையும் கையுமாக ஓடி வந்தார். “என்ன? என்ன சொன்னனி? எதுக்கு இப்பிடிச் சிரிச்சவள்?”

“சொல்லமாட்டன்” என்றார் சின்னம்மா.

“என்னெண்டு கேக்கிறன்.”

“அக்கா, இத்தனை வருசமும் நீ நிண்டு இவளைப் பாத்தனி. நான் ரெலிபோனைப் பிடிச்சுக்கொண்டு, பிள்ளை சிரிக்குதோ, சிரிக்குதோ எண்டு உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான். உன்னிலை எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமே? இண்டைக்கு எனக்குக் கிடைச்சது. நீ பாக்கேல்லை. நான் சொல்லமாட்டன்.”

அம்மாவின் முகம் சுண்டிப் போனது. அந்த முகத்தை நான் கண்ணாடியில் நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். அம்மா என் பக்கம் திரும்பி, கெஞ்சுகிற குரலில், “பிள்ளை, இன்னொருக்காச் சிரி பாப்பம்” என்றார்.

“மாட்டன்” என்றேன். டேனிஷில் இல்லை, தமிழில். “அடுத்த வருசம் நாலு மணிக்கு எனக்குப் பக்கத்திலை வந்து இருங்கோ. அப்ப பாக்கலாம்.”