இடம் மாறிய துண்டு

இரண்டு கவளம் உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிட்டது என்பார் என் கணவர். இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம். தலைநகரில் சரோஜினி நகர் அரசாங்க குவார்ட்டர்ஸிலிருந்து பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே ஆபீஸ் போய்வந்தார். மண்ணீரல் (ரத்தத்தை வடிகட்டும் உறுப்பு) வீங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

திருநெல்வேலியிலிருந்து வந்த அவருடைய அண்ணன் என் காதுபடவே சொன்னார்: "ஜாதகம் பாக்காம முடிச்சது தப்பு. வந்தவ நேரம்லா இது."



அதற்குப் பதில் மருத்துவமனையில் கிடைத்தது. பஞ்சாபி டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டினார். குரோமோசோம்கள் (உயிரணுவுக்கான கட்டளைகளைச் சுமக்கும் இழைகள்) அதில் ஜோடி ஜோடியாக இருந்தன.

"இருபத்திரண்டாவது ஜோடியில் ஒன்று குட்டை, பாருங்கள்" என்றார் ஹிந்தியில். "அதன் துண்டு ஒன்பதாவதில் போய் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து ஒரு சிறு துண்டு இங்கே வந்துவிட்டது. அந்த ஒட்டில் உள்ள ஜீன்தான் வெள்ளணுக்களைப் பெருக்குகிறது என்று சந்தேகிக்கிறார்கள்."

"யார் செய்த தப்பு, டாக்டர் ஜி?"

"யாருடையதும் இல்லை. பரம்பரையும் இல்லை. எலும்பு மஜ்ஜையில் ஒரே ஓர் அணுவில் எப்போதோ நடந்த விபத்து."

"அதைக் கொல்ல முடியாதா?"

"இடம் தெரிந்திருக்கிறது. அதை மட்டும் தாக்கும் மருந்து இன்னும் இல்லை."

அந்தத் துண்டை வெறுத்ததுபோல் எந்த மனிதரையும் நான் வெறுத்ததில்லை.

மாத்திரைகள் சில வருடம் நோயை அடக்கி வைத்தன. பிறகு அது முற்றியது. முதிராத அணுக்கள் ரத்தமெங்கும் நிறைந்தன. ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் மஜ்ஜை தர முடியுமா என்று டாக்டர் கேட்டார். "இவருக்குப் பலன் இருக்காது. வலிக்கும்" என்பதையும் மறைக்கவில்லை.

"சாகப்போறவன் எலும்பையுமா தோண்டணும்?" என்றார் அண்ணன்.

கணவர் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுத?"

"உங்களத் தின்னுததை அவங்க பிடிக்கணும். பிடிச்சுக் கொல்லணும்."

லேசாகச் சிரித்தார். "அப்ப எடுக்கட்டும்" என்று குப்புறப் படுத்துக்கொண்டார். இடுப்பெலும்பில் ஊசி இறங்கும்போது என் கையை நெரித்தார். கத்தவில்லை.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் போய்விட்டார். காரியம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மறுபடி ஜாதகப் பேச்சை எடுத்தார்.

"ஒம்பதும் இருபத்திரண்டும், அத்தான். அவரக் கொன்ன கட்டம் அதுதான். டாக்டர் காட்டுவாங்க, போய்ப் பாருங்க. இனி என் பேரை எடுக்காதீங்க" என்றேன்.  அவர் வீட்டு வாசலை அதற்குப் பிறகு நான் மிதிக்கவில்லை.

இதே நோயை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழியை நீங்கள் சுமக்காதீர்கள். நோய் எங்கே பிறந்தது என்று கேளுங்கள், புரியும்வரை கேளுங்கள். மஜ்ஜை கொடுத்ததைத் தொண்டு என்று சிலர் புகழ்கிறார்கள். தொண்டு இல்லை, பழிவாங்கல்.

என் எலும்புக்குள்ளும் அணுக்கள் ஓயாமல் பிரிகின்றன. ஒவ்வொரு முறையும் பிசகாமல் பிரிவது இப்போது எனக்குச் சாதாரணமாகத் தோன்றுவதில்லை. முன்பு ஒரு வருடம் போனால் என் ஆயுளில் ஒன்று குறைந்தது என்பேன். இப்போது குறைவது அந்தத் துண்டின் ஆயுள். அதைக் கொல்லும் மருந்து வரும் நாளில் நான் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த உடம்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.