கன்னத்துக்குள் ஒரு புண்

கரைவலை இழுக்கும்போது முதல் அடியைப் பாடுகிறவன் நான். இரண்டு கயிற்றிலும் நிற்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி ஒன்றாக இழுப்பார்கள். பாட்டுப் பிசகினால் ஒரு கயிறு முந்தும். வலை சரியும். மீன் போய்விடும்.

ஒரு மீன்பிடிப் பருவத்தில் என் இடது கன்னத்துக்குள் புண் வந்தது. நடுவில் வெள்ளை, சுற்றிச் சிவப்பு. வாயைத் திறந்தால் உயிர் போகும். காலில் சிப்பி வெட்டினால் எங்களுக்குக் கடல்தண்ணீர்தான் மருந்து. அதே எண்ணத்தில் கல்லுப்பைப் புண்ணில் தேய்த்தேன். எரிந்தால் ஆறும் என்று இருந்தேன். புண் பெருத்தது.

எனக்குப் பதில் மனைவியின் தம்பி பாடினான். ஒரு கயிறு முந்தியது. பாதி மீன் தப்பியது.

"மச்சான்ட பாட்டுக்கு மீன் நித்திரை கொள்ளும் எண்டு பார்த்தன். எழும்பி ஓடிட்டு!" என்றான் கயிற்றில் நின்ற ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். வலைக்குச் சொந்தக்காரரான வலைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி, இப்பிடியே எண்டா பாட வெளியூர் ஆளைத்தான் கூப்பிடோணும்," என்றார் என்னிடம்.

வீட்டில் மனைவி விடவில்லை.

"கடக்கரை முழுக்கக் கேக்கக் கத்துற மனிசனுக்கு, பல்லு டொக்டரெண்டாப் பயம்."

"புண்ணுக்கு என்னத்துக்குப் பல்லு டொக்டர்?"

"வாயிலதானே புண்? காலிலயா? வெளிக்கிடுங்க."

சிலாபம் டவுனில் பல்லு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"ஐயா, கயிறைப் பல்லால கடிக்கிறீங்களா?"

"ஓம். முடிச்சு இறுக்க."

"பல்லு உடைஞ்சு கத்தி மாதிரி நிக்குது. வாயைத் திறக்கத் திறக்கக் கன்னத்தைக் கீறுது. அதுக்கு மேல உப்பு வேற."

பல்லின் கூர்முனையை அராவி மழுக்கினார். பூச மருந்து தந்தார். உப்பைத் தேய்க்காமல், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்துக் கொப்பளிக்கச் சொன்னார். உறைப்பும் வெற்றிலையும் கூடாது. இரண்டு கிழமையில் ஆறாவிட்டால் கட்டாயம் வரவேண்டும், வேறு நோய் வருத்தமாகவும் இருக்கலாம் என்றார்.

திரும்பப் போகத் தேவைப்படவில்லை. உறைப்புச் சம்பல் இல்லாமல் வெறும் பாண் ரொட்டி தின்றேன். கொப்பளித்தேன். புண் சுருங்கி மூடியது.

சூடை மீன் கூட்டம் கண்டு வலை வளைத்த காலை, மச்சான் கயிற்றைப் பிடித்தபடி கேட்டான்.

"அத்தான், பாட ஏலுமா?"

நான் முதல் அடியை எடுத்தேன். நோகவில்லை. இன்னும் உரத்துப் பாடினேன். இரண்டு பக்கமும் ஒரே வாயாகத் திருப்பிச் சொன்னது. கயிறுகள் சமமாக வந்தன. மீன் நிறைந்த வலையின் மடி கரை தட்டியபோது, அதை மேலே இழுக்க ஆள் போதவில்லை. வலைக்காரர் கோயிலடியில் நின்றவர்களையும் கைதட்டிக் கூப்பிட்டார்.

அவர்கள் ஓடி வந்து கயிற்றைப் பிடிக்கும்வரை நான் பாட்டை நிறுத்தவில்லை. பிடித்த பிறகும் நிறுத்தவில்லை.