மழை ஜெபக் கணக்கு

சிலருக்கு மன்னிக்க வருகிறது. எனக்கு வரவில்லை. ஞாயிறுதோறும் சபைக்குப் போகிறேன். பிரசங்கத்தில் மன்னிப்பு என்ற சொல் வந்தாலே எங்கள் கல்லூரி இயற்பியல் விரிவுரையாளரின் முகம் முன்னால் வந்து நிற்கும். உடனே பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு, கடைசி ஆண்டு. பூமி சூடாகிறது என்ற பேச்சு அப்போதுதான் எங்கள் காதுவரை வந்திருந்தது. நான்கு துறைகளிலிருந்து ஆளுக்கொரு மாணவரைச் சேர்த்து, நம் பகுதியில் மழையும் வெயிலும் எப்படி மாறியிருக்கின்றன என்று ஆராயச் சொன்னார்கள். இயற்பியல் மாணவன் மொட்டைமாடியில் வெப்பமானியைப் பார்த்தான். தாவரவியல்காரி மாமரங்கள் பூக்கும் நாளைக் குறித்தாள். பொருளியல் மாணவன் பக்கத்துக் கிராமமான நூம்பலுக்குப் போய் விவசாயிகளிடம் பேசினான். பொறுப்பு அந்த விரிவுரையாளருக்கு.

என்னைப் பார்த்து, "ஹிஸ்டரிக்கு இதுல இன்னாம்மா வேலை? சார்ட்டுக்குக் கலர் அடி, போதும்" என்றார். மற்ற மூவரும் சிரித்தார்கள்.

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. மழை பொய்த்தால் எங்கள் சபையில் மழைக்காக விசேஷ ஜெபம் வைப்பார்கள். வைத்ததை அறிவிப்புப் புத்தகத்தில் எழுதுவார்கள். பல பத்து ஆண்டுகளின் புத்தகங்கள் கோயில் பீரோவில் கிடந்தன. அரை ஆண்டு, சனிக்கிழமை தவறாமல், தூசியில் தும்மிக்கொண்டே உட்கார்ந்து, எந்த ஆண்டில் எத்தனை ஞாயிறு மழைக்கு ஜெபித்தார்கள் என்று எடுத்தெழுதினேன். எப்போதாவது வந்த ஜெபம் வரவர அடிக்கடி வந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

விரிவுரையாளர் எல்லோர் முன்னாலும், "ஜெபத்தை வெச்சு சயின்ஸா?" என்று கேலி செய்தார். இரண்டு நாள் கழித்து, யாரும் இல்லாதபோது நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பி வர ஒரு மாதம் ஆயிற்று.

பிறகு கருத்தரங்க அழைப்பிதழ் வந்தது. தேவாலயக் குறிப்புகள் வழியே மழை வரலாறு என்று கட்டுரைத் தலைப்பு, அடியில் அவர் பெயர் மட்டும். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த இடத்தில் என் பெயரும் இருப்பதுதான். வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

"பி.ஏ. படிக்கிற பொண்ணு பேரைப் போட்டா எவன் மதிப்பான்? கலர் எப்பம்மா முடியும்?"

சார்ட்டைக் கையில் கொடுத்தார். அறிவிப்புப் புத்தகத்தில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் மழை ஜெபமே இல்லை. சார்ட்டில் அந்த ஆண்டுகளுக்கு நேரே பென்சிலால் 'நல்ல மழை, பச்சை' என்று எழுதியிருந்தார். அந்த ஐந்து ஆண்டுகள் எனக்கு உறுத்தின. அந்தச் சனிக்கிழமை, பீரோ சாவியை வைத்திருந்த உபதேசியாரிடம் விசாரித்தேன்.

"மழையா? நீ வேற! ஏரியெல்லாம் காய்ஞ்சி கெடந்துச்சும்மா" என்றார். "அப்ப இருந்த பாஸ்டரு ஒரு மாதிரி. கெணத்தைத் தூர் வாராம ஆண்டவரைத் தொந்தரவு பண்ணாதீங்கோன்னு சொல்லிக்கினு, ஜெபமே வெக்க மாட்டேன்னுட்டாரு. அவரு மாறிப் போற வரைக்கும் அப்படித்தான்."

கருத்தரங்குக்கு ஒரு வாரம் இருந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து பச்சையைக் கரைத்தேன். அந்த ஐந்து ஆண்டுகளுக்கும் இரண்டு முறை பூசினேன். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும்.

கருத்தரங்குக்குத் தலைமை தாங்கியவர் ஏரிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர். விரிவுரையாளர் குச்சியால் பச்சையைத் தட்டித் தட்டி, அது எவ்வளவு செழிப்பான காலம் என்று பேசினார். கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதினேன்: 'பச்சை அடித்த ஆண்டுகளில் செம்பரம்பாக்கம் ஏரி ஏன் வறண்டு கிடந்தது?' பெயர் போடவில்லை. பெயர் இல்லாமல் இருக்கத்தான் பழக்கிவிட்டிருந்தார்களே.

தலைவர் உரக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஆமாய்யா! அப்ப நான் அங்கதான் இருந்தேன். ஏரிக்குள்ளயே ஜீப்பை ஓட்டிக்கிட்டுப் போவோம். எங்க பெய்ஞ்சுது உங்க மழை?"

அரங்கம் சிரித்தது. சீட்டு விரிவுரையாளர் கைக்குப் போயிற்று. என் கையெழுத்தை ஒரு மாதம் பார்த்துப் பார்த்து எழுதியவருக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? தலையைத் தூக்கி என்னைத் தேடினார். மூன்றாவது வரிசையில் இருந்தேன். பார்வையை நான் திருப்பவில்லை. உள்ளுக்குள் இனித்தது.

ஜெபத்தை நம்பி ஆராய்ச்சி செய்தால் இப்படித்தான் ஆகும் என்று தலைவர் கட்டுரையை ஒதுக்கிவிட்டார். என் அரை ஆண்டு உழைப்பும் அதோடு குப்பைக்குப் போயிற்று. எழுந்து அந்தப் பாஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கணக்கு பிழைத்திருக்கும். விரிவுரையாளரும் பிழைத்திருப்பார். உட்கார்ந்தே இருந்தேன்.

வராந்தாவில் என் பின்னாலேயே வந்தார். முகம் வேர்த்திருந்தது. "ஏம்மா, அந்த அஞ்சு வருஷம் ஏன் ஜெபம் வெக்கல? உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்" என்றேன்.

அவர் காத்துக்கொண்டு நின்றார். நான் பஸ் பிடிக்கப் போய்விட்டேன்.