அவ்வாத் வரைக்கும்தான்

என் தம்பி தியாப் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். கரக் நகரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் தியாப்தான். யார் வீட்டுத் தொட்டி எத்தனை ஆழம், யார் வீட்டு மூடி துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். நல்லவன். அதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த நல்லதனத்தால்தான் அவன் ஊரை இழந்தான்.

எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது நாலே பெயர். தியாப், அவன் அப்பா முஸ்லிஹ், அவருக்கு அப்பா ஃபர்ஹான், அவருக்கு அப்பா அவ்வாத். அந்த அவ்வாத், ஸஹ்மான் வீட்டாரிடம் கூலிக்கு ஆடு மேய்க்க வந்தவர். எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை, ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாராம். என் அப்பா இதை யாரிடமும் மறைத்ததில்லை. அவ்வாத் வரைக்கும் சத்தியம் பண்ணுவேன், அதற்கு மேலே எவன் என்ன சொன்னாலும் கதை என்பார்.

அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. தலைநகர் அம்மானில் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்ட ஷிப்லி சித்தப்பா ஒரு வம்ச மரத்தை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொடுத்தார். முப்பத்தொரு தலைமுறை. எங்கள் அவ்வாத், ஸஹ்மானுக்கு மகனாம். ஸஹ்மானின் மூத்த மகன் கலஃபுக்குக் கூடப்பிறந்த தம்பியாம். ஆட்டுக்காரரை ஒரே ராத்திரியில் பெரிய வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டார் மனுஷன். ஸஹ்மான் வீட்டார் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். தேர்தல் வருகிறது, எங்கள் வீடுகளில் முப்பது ஓட்டு இருக்கிறது, ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்?

அந்த மரத்தில் என் பெயர் கிடையாது. பெண்களை அதில் எழுத மாட்டார்கள். முஸ்லிஹுக்குப் பிறந்த என்னை எழுத ஓர் இலைகூட இல்லை, யாரென்றே தெரியாத கிழவருக்கு மட்டும் இருபத்தேழு தலைமுறை அப்பன்மார். அதை மாட்டாதே என்று தியாபிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"சித்தப்பா ஆசைப்பட்டுக் குடுத்தாரு, கெடக்கட்டும்க்கா. செவுத்துல ஒரு வெடிப்பு மறையுது," என்று சிரித்தான்.

மறைந்த வெடிப்பு இரண்டே வருடத்தில் வேறு பக்கம் திறந்தது. தொண்ணூற்றாறாம் வருடக் கோடையில், ஸர்காவில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் வண்டி நிறுத்துகிற தகராறு. ராக்கான் என்ற பையன் இன்னொரு பையனைக் குத்திக் கொன்றுவிட்டான். ராக்கான் ஸர்காவிலேயே வளர்ந்த ஸஹ்மான் வீட்டுப் பையன். தியாப் அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றுதான். கொன்றவனோடு ஐந்து தலைமுறைக்குள் உறவுள்ள ஆண்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். செத்தவனின் ஆட்கள் சமாதானம் ஆகும்வரை திரும்ப முடியாது. விரல் விட்டு எண்ணுவார்கள். ஐந்து விரலுக்குள் பொதுப் பெயர் வந்துவிட்டால் நீயும் உள்ளே. ராக்கான், ஸலீம், ஹமத், கலஃப், ஸஹ்மான். ஐந்து. தியாப், முஸ்லிஹ், ஃபர்ஹான், அவ்வாத், அப்புறம் சித்தப்பா அச்சடித்த ஸஹ்மான். ஐந்து. செத்த பையனின் ஆட்கள் அந்த மரத்தையே கையில் வைத்துக்கொண்டு எண்ணினார்களாம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அச்சில் இருந்ததைப் படித்தார்கள். ஸஹ்மான் வீட்டுப் பெரியவர் ஷேக் முத்லக் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உயிருக்கு ஈடாகக் கட்டும் பணத்தின் பாரத்தைத் தன் ஆட்களோடு சுமக்க நாலு பேர் கூடுதலாகக் கிடைத்தால் அவருக்கென்ன, வாயை மூடிக்கொண்டார்.

ஊரைவிட்டுக் கிளம்ப மூன்று நாள் தவணை. நான் அன்றைக்கே பஸ் ஏறி அம்மானுக்குப் போனேன். சித்தப்பா காப்பி ஊற்றிக் கொடுத்தார். கோப்பையை வாயில் வைக்காமல் அவர் முன்னால் தரையில் வைத்தேன். விருந்தாளி அப்படி வைத்தால், கேட்டதைத் தருகிறேன் என்று சொல்லாமல் வீட்டுக்காரன் குடி என்று சொல்ல முடியாது. ஆம்பளைகள் செய்கிற காரியம் அது. அவர் முகம் சுண்டிப்போனது.

"வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சித்தப்பா. அவ்வாத் ஸஹ்மானுக்குப் பொறக்கல, நாந்தான் எழுதினேன்னு சொல்லுங்க. எந்தம்பி அவன் வீட்டுல இருப்பான்."

"சொன்னா நாம யாருடி? அப்பன் பேர் தெரியாதவன் பேரங்கன்னு ஊரே காறித் துப்பும். கொஞ்ச நாள்தானே, போயிட்டு வரட்டும்."

"ஒங்களுக்கென்ன, அம்மான்ல வீடு இருக்கு. அவனுக்கு எங்க இருக்கு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு கேட்டேன். கோப்பை ஆறியது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரனுக்கு இதைவிடக் கேவலம் ஒன்று கிடையாது. தரையில் இருந்த காப்பியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ஊர்க் கூடத்தில் தியாபையே கேட்டார்களாம். என் வீட்டுக்காரர் அங்கே இருந்தார். அவ்வாத் ஸஹ்மானின் மகன்தானா, உன் சித்தப்பா எழுதியது உண்மையா? இல்லை என்று சொன்னால் முடிந்தது விஷயம். ஆனால் செத்துப்போன அப்பாவின் தம்பியைச் சபையில் பொய்யன் என்று சொல்ல அந்த மடையனுக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று சாயங்காலம்வரை ஊரில் இருந்த தொட்டிகளையெல்லாம் நிரப்பினான். ஷேக் முத்லக் வீட்டுத் தொட்டியையும் நிரப்பினான். நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் மனைவி பாய்களைச் சுருட்டிக்கொண்டே அழுதாள்.

வடக்கே மாதபா என்ற ஊரில் ஒரே தெருவில் ஸஹ்மான் வீட்டாரும் தியாபும் எங்கள் மற்ற வீட்டாரும் ஒன்பது வருடம் இருந்தார்கள். ஒரே அடுப்பில் ரொட்டி சுட்டார்கள், பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்தார்கள். ஒன்பதாம் வருடம் சமாதானம் ஆனது. மற்ற எல்லாரும் ஊர் திரும்பினார்கள். தியாபின் வீட்டுக் கூரை இறங்கியிருந்தது. ஊருக்கு வேறொருவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். இருந்தாலும் திரும்பப் போகத்தான் ஆசைப்பட்டான், அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அவன் மகன் ஹைஸமுக்கு ஷேக் முத்லக்கின் பேத்திமேல் விருப்பம். அவளுக்கும் அப்படியே.

ஊரில் ஷேக் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனோம். ஆண்கள் கூடத்தில், நாங்கள் திரைக்குப் பின்னால். ஷேக் முத்லக்கின் தலைக்கு மேலே சித்தப்பாவின் மரம் கண்ணாடிக்குள் தொங்கியது. அவர் தொண்டையைச் செருமினார்.

"பையன் தங்கம். கொறை சொல்ல முடியாது. ஆனா வம்சம்னு ஒண்ணு இருக்குல்ல, தியாப். அவ்வாத் எங்க வீட்டுல கூலிக்கு ஆடு மேச்சவன். அவனப் பெத்தது யாருன்னு யாருக்குத் தெரியும்? இது ஒனக்கே தெரிஞ்சதுதானே."

திரையை விலக்கிக்கொண்டு ஆண்கள் நடுவே போய் நின்றேன்.

"அப்ப அந்த ஒம்போது வருஷம் எதுக்குய்யா?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஷேக் முத்லக் தியாபைப் பார்த்து, காப்பி ஆறுகிறது, எடுத்துக்கொள் என்றார். தியாப் தன் கோப்பையைத் தரையில் வைத்தான். குடிக்கவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தான்.

ஊருக்கு அவன் திரும்பவில்லை. மாதபாவிலேயே இன்னொருவனுடைய லாரியை ஓட்டுகிறான். போன மாதம் நானும் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். புது வீட்டுக்காரர் ஒருவர், எங்கள் பக்கத்தில் கேட்கிற மாதிரியே, நீ யார் மகன் என்று கேட்டார்.

"தியாப், முஸ்லிஹ் மவன். முஸ்லிஹ், ஃபர்ஹான் மவன். ஃபர்ஹான், அவ்வாத் மவன்."

"அவ்வாத் யார் மவன்?"

"ஆட்டுக்காரர்," என்றான் தியாப், குழாயை இழுத்துக்கொண்டே. "தொட்டி மூடியத் தொறங்க."