ரோஸ்லின் மிஸ் கொடுத்த ஒற்றைத் தந்தி

போன வியாழக்கிழமை காலை ஷேவ் செய்துகொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. ரோஸ்லின் மிஸ்.

"சார், அன்னம்மா டீச்சர் போய்ட்டாக. இன்னைக்கு மூணு மணிக்கு அடக்கம். நான் வாசிக்கணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருக்காக. நீங்களும் வாங்க."

"கண்டிப்பா வர்றேன் மிஸ்."

"செல்லோவோட வாங்க சார்."

கையிலிருந்த ரேசர் கன்னத்தில் அப்படியே நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். ஐம்பத்திரண்டு வயதில் நான் செல்லோ கற்றுக்கொள்கிறேன். வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் இழுக்க வேண்டும். ஏழு மாதம் ஆகிறது. நான் ஆரம்பித்தால் மனைவி மாடிக்குத் துணி காயப்போடப் போய்விடுவாள் – மழை பெய்தாலும்!

எனக்குச் சொல்லிக்கொடுக்கும் ரோஸ்லின் மிஸ்ஸுக்கு வயது முப்பத்தொன்று. தேனி அல்லிநகரத்தில் அவர் வீட்டு முன்னறையில் வகுப்பு. என்னைத் தவிர எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களைப் பார்த்து எனக்கும் 'மிஸ்' என்றே வருகிறது.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிராமம் அவருடைய ஊர். சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த சிறுமிக்கு முதன்முதலில் வயலின் சொல்லிக்கொடுத்தவர் அன்னம்மா. குமுளியிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட மலையாளி. பகலில் நர்ஸ், சாயங்காலம் வயலின் டீச்சர். பிறகு ரோஸ்லின் சென்னைக்குப் போய் சினிமா ரெக்கார்டிங்கில் செல்லோ வாசித்தார். வேலை இல்லாத மாதங்களில் திருவிழா மேடைகளில் கீபோர்டு. நடுவே இரண்டு வருஷம் கர்நாடக சங்கீதம். கல்யாணமாகித் தேனிக்கு வந்தார்.

இப்படிப்பட்டவர் பாடம் எப்படி எடுப்பார்? 'தப்பு' என்ற சொல்லே வாயில் வராது. "இன்னொரு தடவ கேளுங்க" என்பார். பரீட்சைக்கு யாரையும் விரட்டமாட்டார். ஆனால் முதல் வாரமே எல்லாரோடும் சேர்த்து வாசிக்க உட்காரவைத்துவிடுவார். ஒரு தகப்பனார் சண்டைக்கே வந்தார் – ஒன்றும் தெரியாத பிள்ளையை ஏன் கூட்டத்தில் தள்ளுகிறீர்கள் என்று.

"தனியாவே வாசிச்சுப் பழகுற பிள்ளை அடுத்தவுகளைக் கேக்காதுண்ணே" என்றார் மிஸ்.

அருமையான கொள்கைதான்... அது என் தலையில் விடியும்வரை.

அன்று மதியம் அடக்கத்துக்குப் போகும் வேனில் இரண்டு செல்லோ, நாங்கள் இரண்டு பேர். வெளியே திராட்சைத் தோட்டங்கள் ஓடின. எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

"மிஸ், நீங்க வாசிக்கப்போற பாட்டே எனக்குத் தெரியாதே..."

"தெரிய வேண்டாம் சார். இந்த ஜி தந்தி மட்டும் போதும். விரலே வைக்காதீக. தம்புரா மாதிரி அடியில ஓடிக்கிட்டே இருக்கட்டும். மேல நான் வாசிக்கிறேன்."

"நடுவுல கீச்சுனு வந்துட்டா?"

"வரும். அடுத்த இழுப்புல சரியாயிரும்."

"வேற யாரையாச்சும் கூப்பிட்டிருக்கலாமே?"

"மத்ததெல்லாம் ஸ்கூலுக்குப் போயிருக்கு சார். நீங்கதான் லீவு போடுவீக."

சர்ச் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் பெட்டி. அந்தம்மாவின் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள்தான் பாதிக் கூட்டம். இவர்கள் முன்னால் கீச்சென்று இழுத்தால்? ஜி தந்தி எது என்று இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

பூசை முடிந்து, பெட்டியைத் தூக்குவதற்கு முன் மிஸ் தலையசைத்தார். நான் இழுத்தேன். சத்தம் வந்தது! அதன் மேல் அவருடைய பாட்டு ஏறியது. முதல் சரணம் போய்விட்டது. மூச்சு விட்டேன்.

இரண்டாவது சரணத்தில் அவர் வில் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். செல்லோவின் கழுத்தில் நெற்றியைச் சாய்த்திருந்தார். தோள் குலுங்கியது.

இப்போது அந்தச் சர்ச்சில் கேட்டது என் ஒற்றைத் தந்தி மட்டும். நிறுத்துவதா? நிறுத்தினால் அந்த மௌனத்துக்கு யார் பதில் சொல்வது? தொடர்வதா? எத்தனை நேரம்? வில்லுக்கு நீளம் கொஞ்சம்தான். முடிந்தால் திருப்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கரகரப்பு. யாரையும் பார்க்கத் தைரியமில்லை. தந்தியை மட்டும் பார்த்துக்கொண்டு இழுத்தேன்... இழுத்தேன்... இழுத்துக்கொண்டே இருந்தேன்.

முன்வரிசையில் நீலப் புடவை கட்டிய ஒரு பெண் மெல்லப் பாட ஆரம்பித்தார். அதே பாட்டு. என் தந்திக்கு மேலே சரியாக உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்தவர் சேர்ந்தார். பிறகு பின்வரிசை. கடைசிச் சரணத்துக்குள் சர்ச் முழுக்கப் பாடியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிஸ்ஸும் வில்லை எடுத்தார். பாட்டு முடிந்தது. பெட்டியைத் தூக்கினார்கள்.

அடக்கம் முடிந்து வேனில் ஏறினோம். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். பொய் எதற்கு?

சின்னமனூர் தாண்டியது. அப்புறம் சொன்னார்:

"சார், வில்லைத் திருப்புறப்ப வலது தோளைத் தூக்குறீக. சனிக்கிழமை அதைப் பாப்போம்."

அப்படி அழுதுகொண்டிருந்தபோதும் என் தோளைக் கவனித்திருக்கிறார் – இவரை இனி நான் பாடத்தில் எப்படி ஏமாற்றுவது?