மாப்பிள்ளையின் முடியும் பேசாத கம்ப்யூட்டரும்

என் தங்கை புருஷன் ஜெயபிரகாஷைப் பற்றி நான் எழுதினால் வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்பார்கள். என் தலையில் முடி கிடையாது, அவன் தலையில் உண்டு. வயிற்றெரிச்சல் உண்மைதான். முப்பது தாண்டியதுமே என் நெற்றி பின்பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டது. அவனுக்கோ ஐம்பதை நெருங்கியும் காடு மாதிரி மண்டிக் கிடக்கிறது. ஆனாலும் சொல்லப்போவதில் பொய் இல்லை. பாதியை அவனே சொன்னான், மீதியைத் தங்கை சொன்னாள்.

ஆந்திராப் பக்கம், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். அவர்கள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. ஜெயபிரகாஷ் போர்வெல் மோட்டார் மெக்கானிக். மெக்கானிக் என்றால் சட்டைப் பையில் டெஸ்டர் இருக்க வேண்டும், இவன் பையில் சீப்பு இருக்கும். அவன் பைக்கின் கண்ணாடி பின்னால் வரும் லாரியைக் காட்டாது, அவன் முன்முடியைத்தான் காட்டும். குடும்பத்தோடு திருமலைக்குப் போனால் ஆம்பிளைகள் எல்லோரும் மொட்டை போட்டுக்கொள்வோம், எனக்கு அது வெறும் சம்பிரதாயம். அவன் மட்டும் எங்கள் செருப்புக்கும் மூட்டைக்கும் காவலாக நிற்பான். கேட்டால், சாமிக்குத் தன் மனசு தெரியும் என்பான்.

தங்கை அம்சவேணி வேறு ரகம். தறிக்கூடத்தில் கணக்கு எழுதிக்கொண்டே தபாலில் படித்து டிகிரி வாங்கியவள். நாற்பதுக்கு மேல் அவளுக்கு ஒரு ஆசை வந்தது, தடா பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஆபீஸ் வேலை. எழுதிப் போட்டாள், கூப்பிட்டும் விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் வீடியோவில் பேட்டி. பேசிக்கொண்டே கம்ப்யூட்டரில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும், செல்போன் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நகரியில் நெட் சென்டர் இருக்கிறது. ஆனால் அதை ஒட்டின சுவருக்கு அந்தப்பக்கம் தறிகள் ஓடுகின்றன. அங்கே உட்கார்ந்தால் கேள்வியும் கேட்காது, பதிலும் கேட்காது.

தகவல் வந்த அன்றைக்கே ஜெயபிரகாஷ் திருப்பதிக்குப் போய் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, பைக்கின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தான். விற்ற சுரேஷ்பாபு உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துச் சுத்தமாகத்தான் கொடுத்திருந்தார். சுத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. படம் வந்தது, நெட் வந்தது, கேமராவில் அம்சவேணியின் முகம் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. மைக்கும் ஊமை, ஸ்பீக்கரும் ஊமை.

சுரேஷ்பாபுவுக்குப் போன் போட்டால் அவர் தெலுங்கில் பொறுமையாக, டிரைவர் என்ற சாஃப்ட்வேர் போட வேண்டும், அது இல்லாவிட்டால் தன்னிடம் சவுண்டு கார்டு இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்றார். ஜெயபிரகாஷுக்கு இன்னொருவரிடம் பாடம் கேட்பது கேவலமாகப் பட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் புத்தூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்து பாதியில் விட்டவன் அவன். முதலில் மோட்டாருக்குச் செய்யும் வைத்தியத்தைச் செய்தான். பெட்டியைப் பிரித்து வாயால் ஊதி, முற்றத்தில் வெயிலில் காயப் போட்டான். பிறகு நெட்டில் இலவச டிரைவர் என்று கண்டதையெல்லாம் இறக்கினான். ஒன்று போட்டதும் திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு ஊதிப்போயின. இன்னொன்று சீட்டாட்ட விளம்பரத்தையும் தொப்பை கரைக்கும் விளம்பரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. சத்தத்தைத் தவிர எல்லாம் வந்தது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்சவேணி எழுந்து போய் மஞ்சள் துணியில் காசு வைத்து முடிந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். எங்கள் பக்கத்தில் மாடு காணாமல் போனாலும் அதுதான், மாப்பிள்ளை அமையாவிட்டாலும் அதுதான். என்ன வேண்டுதல் என்பதை அவனுக்குச் சோறு போட்டபடி சொன்னாள்.

"அது வாயத் தொறந்து பேசிச்சுன்னா உங்க முடிய ஏழுமலையானுக்குக் குடுக்கறேன்னு வேண்டிக்கினேன்."

அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "என் முடிய நீ எப்பிடி வேண்டிக்கலாம்?"

"கொயந்தைக்கு ஜொரம்னா கொயந்தையக் கேட்டுக்கினா வேண்டிக்கிறாங்க? துன்னுங்க."

அந்த நிமிஷத்திலிருந்து அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த விதமே மாறிப்போனது. என்னிடம் வந்து சந்தேகம் கேட்டான். மைக் மட்டும் வேலை செய்தால் வேண்டுதல் பலித்த கணக்கா? ஸ்பீக்கரிலிருந்து கரகர என்று வந்தால் அது பேச்சா? திருமலையில் முடி எடுக்கும் எங்கள் ஊர் ரமணாவுக்கும் போன் போட்டான். பெண்கள் முடி நுனியில் மூன்று கத்தரி மட்டும் கொடுத்துவிட்டு வருகிறார்களே, அது ஆம்பிளைக்குச் செல்லுமா, தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்கிறேன் என்றான். அந்தத் தெரிந்தவர் சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பாரா என்று ரமணா கேட்டானாம். இவன் போனை வைத்துவிட்டான்.

இப்படி அரைமனதாகத் தேடுகிறவனுக்குத்தான் சட்டென்று கிடைக்கும். அம்சவேணி தறிக்கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில், கம்ப்யூட்டருக்குள் டிவைஸ் மேனேஜர் என்ற பக்கத்தைத் திறந்து, மஞ்சள் குறியோடு பெயர் தெரியாமல் கிடந்த ஒரு வரியை நோண்டினான். உள்ளே எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒன்று இருந்தது. மோட்டாரில் பெயர்த் தகடு உதிர்ந்துபோனாலும் உள்ளே பொறித்த நம்பர் இருக்குமே, அந்த மாதிரி என்று பட்டது. அதை அப்படியே எடுத்து நெட்டில் போட்டான். அந்தச் சவுண்டு கார்டுக்கே உரிய டிரைவர் வந்து நின்றது. விரல் சும்மா இருக்குமா? போட்டுவிட்டான்.

ஸ்பீக்கர் டொய்ங் என்றது. இரண்டு கையாலும் அதன் வாயைப் பொத்தினான். பிறகு ஒரு கை தானாகத் தலைக்குப் போனது. வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த வரியின்மேல் வலது கிளிக் செய்து டிசேபிள் கொடுத்தான். வரிக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு குட்டி அம்பு வந்தது, கம்ப்யூட்டர் மறுபடி ஊமையானது. சாயங்காலம் அவள் வந்து கேட்டபோது, இது ரொம்பப் பழைய போர்டு, கஷ்டம்தான் என்று உதட்டைப் பிதுக்கினான். பாவி, அன்றைக்கு இரண்டு தட்டு சோறு தின்றான்.

வியாழக்கிழமை பகலில் ஸ்பானரை மறந்துவிட்டு வந்ததால் வீட்டுக்குத் திரும்பினான். உள்ளே பேச்சுச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தான். அம்சவேணி நீலப் புடவை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் தன் பெயரையும் படிப்பையும் சொன்னாள். எதிரில் யாரோ கேள்வி கேட்பதைப்போல் கொஞ்சம் நிறுத்தினாள், யெஸ் சார் என்றாள். அதற்குப் பிறகு சொன்னதைக் கேட்டுத்தான் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மன்னிக்க வேண்டும் சார், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சத்தம் வராது, கேள்வியை எழுதிக் காட்டினால் பதில் எழுதுகிறேன் என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய் அவளை நகரச் சொன்னான். முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வரிக்குப் போனான், வலது கிளிக், எனேபிள். டொய்ங். வந்துடுச்சு என்றான். வந்துடுச்சா என்று கேட்டுவிட்டு அவள் படத்துக்கு முன்னால் இருந்த மஞ்சள் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் ஸ்பானரை எடுக்காமலேயே வெளியே போய்விட்டான்.

பேட்டி நல்லபடியாக நடந்தது. வேலை உண்டு என்று தகவலும் வந்தது. சேருவதற்கு முன்னால் மூன்று பேரும் திருமலை ஏறினோம். இந்தத் தடவை செருப்புக்கும் மூட்டைக்கும் நான் காவல். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எந்தக் காவலும் காத்ததில்லை. ரமணா தண்ணீர் தெளித்துத் தலையைத் தேய்த்தபோதே ஜெயபிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டான். கத்தி நடுமண்டையைத் தாண்டும்வரை திறக்கவில்லை.

வெளியே வந்து சந்தனம் பூசிக்கொண்டு அம்சவேணியைத் தேடினான். அவள் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். மூன்று கத்தரி இல்லை. முழு மொட்டை, தலை முழுக்கச் சந்தனம். அவளுடைய பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும்.

உனக்கு எதுக்கு என்று தடுமாறினான். அவள் மஞ்சள் துணியைக் காட்டினாள். அதில் இரண்டு முடிச்சு இருந்தது.

"ஒண்ணு கம்ப்யூட்டருக்கு. இன்னோண்ணு உங்களுக்கு."

அவன் சத்தத்தை ஒளித்துவைத்தது மறுநாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் மோட்டார் வேலைக்குப் போனதும் அந்தக் குட்டி அம்பைப் பார்த்து, தானே திறந்து, சத்தம் வைத்துப் பேசிப் பழகியிருக்கிறாள். பிறகு பழையபடி மூடி வைத்துவிட்டு, இந்த ஆள் தன் கையாலேயே அதைத் திறந்துவிட்டால் என் முடியையும் தருகிறேன் என்று இரண்டாவது முடிச்சைப் போட்டிருக்கிறாள். வியாழக்கிழமை நீலப் புடவையில் உட்கார்ந்தது அவன் பைக் சத்தம் தெருமுனையில் கேட்ட பிறகுதான்.

"எல்லாத்தையும் சாமி தலையிலயே போட முடியுங்களா? நாமளும் கொஞ்சம் தள்ளிவுடணும்" என்றாள்.

"நான் போடாம இருந்திருந்தா?"

"நானே போட்டுக்கினு இன்டர்வியூ குடுத்திருப்பேன். அதுக்கப்பறம் உங்ககூட பேசியிருக்க மாட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் என் தங்கை, அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்தது. அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் அழுதான், சந்தனம் வழிந்து கண்ணில் இறங்கியதால் என்று பிறகு என்னிடம் சாதித்தான். நான் கேலி செய்யவில்லை. அந்த ஒரு நாள் மட்டும்.

இப்போது காலையில் புத்தூர் வரை வரும் கம்பெனி பஸ்ஸுக்கு அவளை அவன்தான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறான். எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் மொட்டைத் தலையோடு போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சீப்பு இருந்த பையில் டெஸ்டர் வந்திருக்கிறது. பைக் கண்ணாடி இப்போதும் பின்னால் வரும் லாரியைக் காட்டுவதில்லை. பின்சீட்டில் அவள் முகம் தெரிகிற மாதிரி அதைத் திருப்பி வைத்திருக்கிறான்.